நாலாவது கிளிப்

இதயமும் நெஞ்சும் அறுக்கிற பிரிவில் அவளை எல்லாரும் 'ரெண்டாம் வருஷம்' என்றுதான் கூப்பிடுவார்கள். போன வருஷம் 'முதல் வருஷம்'. இந்த வருஷத்தை உருப்படியாகக் கடந்தால் 'மூணாம் வருஷம்'. வீட்டில் மட்டும் முப்பத்தோரு வயதாகியும் அவள் பாப்பாதான். ரம்பத்தை எடுத்து மனிதர்களின் நெஞ்செலும்பைப் பிளக்கிறவளைப் பாப்பா என்று கூப்பிடுகிறோமே என்று அக்காவுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அவள் இருந்தது அக்காவின் வீட்டில். மூன்றாவது மாடி, இரண்டு அறை, ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாத சமையலறை. மாமா தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். அக்காவுக்கும் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை. தியேட்டரிலிருந்து இறங்கி வருகிற கருவிகளைக் கழுவி, துடைத்து, எண்ணி, ஆவியில் வேகவைத்து, துணியில் சுற்றித் திரும்ப அனுப்புகிற அறை அடித்தளத்தில் இருந்தது. அங்கே பதினாறு வருஷம். தங்கை ஐந்தாவது மாடியில்.

"நீ அழுக்காக்குறதை நான் கழுவறேன். உனக்கு மூணு வயசுலேர்ந்து இதே கதைதான்" என்பாள் அக்கா.

ரெண்டாம் வருஷத்தின் வேலை காலை ஐந்தரைக்குத் தொடங்கும். ஒவ்வொரு படுக்கையிலும் நெஞ்சிலிருந்து வருகிற குழாயில் எவ்வளவு வடிந்திருக்கிறது, சிறுநீர் எவ்வளவு, சுரம் உண்டா, தையல் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துக் குறித்து, சீஃப் ரவுண்ட்ஸ் வரும்போது தாளைப் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். தாளைப் பார்த்தால் அவர், "தாளுக்கு நான் சம்பளம் கொடுக்கல" என்பார். ஏழரைக்குத் தியேட்டர். காலைக் கீறி ரத்தக்குழாயை உரித்தெடுப்பது அவள் வேலை. அதற்குப் பின் நாலு மணி நேரம் எதிர்ப்பக்கம் நின்று பிடிக்கச் சொன்னதைப் பிடித்து, வெட்டச் சொன்னதை வெட்டி, மூச்சு விடாமல் நிற்க வேண்டும். இடுப்பு விட்டுப் போகும். காலில் ரத்தம் கட்டாமலிருக்க இறுக்கமான நீளக் காலுறை போட்டுக்கொள்வாள். அதைக் கழற்ற வீட்டில் அக்காதான் ஒரு முனையைப் பிடித்து இழுக்க வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே மழை. முதல் கேஸ் ஒரு தச்சர். ஐம்பத்து நாலு வயது, இதயத்துக்குப் போகிற மூன்று குழாயில் அடைப்பு. காலிலிருந்து எடுத்த குழாயால் மூன்று ஒட்டு போட்டார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது சீஃப் கையை நெஞ்சிலிருந்து எடுத்தார். அவளைப் பார்த்தார்.

"நீ மூடு" என்றார். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

இதற்கு முன் அவள் மூடியதில்லை என்றில்லை. ஆனால் அப்போதெல்லாம் மூணாம் வருஷம் எதிரில் நின்றான். இன்றைக்கு அவன் லீவு. எதிரில் நின்றது முதல் வருஷம். அவனுக்கு எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதே இன்னும் பிடிபடவில்லை. அவளுக்குள் பயமும் பெருமையும் ஒன்றாய்க் கிளம்பின. எது எது என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

இரத்தம் கசிகிற இடங்களைச் சுட்டாள். குழாய்களை வைத்தாள். எலும்பைச் சேர்த்துக் கட்டுகிற கம்பியைக் கேட்டாள். கம்பி போடுவதற்கு முன் பஞ்சு, ஊசி, கருவி எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்து நர்சுகளின் ஷிப்ட் மாறிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த சிஸ்டர் தட்டைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் டாக்டர், முதல்லேர்ந்து எண்ணிடறேன்" என்றாள்.

மயக்க டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த கேஸ் வெளியில காத்திருக்கு. எவ்வளவு நேரம்மா?" என்றார்.

ரெண்டாம் வருஷத்துக்கு முகம் சூடாகிவிட்டது. முதன்முதலாகத் தனியாக மூடுகிறாள். மெதுவாகச் செய்கிறாள் என்ற பேர் வந்துவிடக் கூடாது.

"நீங்க எண்ணிட்டே இருங்க சிஸ்டர், நான் கம்பியப் போட்டுட்டே இருக்கேன்" என்றாள்.

ஆறு கம்பி. ஒவ்வொன்றாகக் கோத்து, இழுத்து, முறுக்கி, முனையை வெட்டி, மடக்கி உள்ளே அழுத்தினாள். மூன்றாவது கம்பியை முறுக்கும்போது பின்னாலிருந்து, "சரியா இருக்கு டாக்டர்" என்று சிஸ்டரின் குரல் கேட்டது. சற்றுத் தயங்கிய குரல் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

ஒரு மணிக்கு வெளியே வந்து தச்சரின் மனைவியிடம் சொன்னாள். "நல்லபடியா முடிஞ்சுதும்மா. இன்னைக்குத் தூங்கிட்டுதான் இருப்பார். நாளைக்குக் காலைல பேசுவார்." அந்த அம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவில்லை. ரெண்டாம் வருஷமும் உருவிக்கொள்ளவில்லை.

மூன்று மணி ஐந்து நிமிஷத்துக்குத் தச்சரின் படுக்கையருகே குழாயின் அளவைக் குறித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. வேலை நேரத்தில் அக்கா கூப்பிடுகிற வழக்கமே கிடையாது.

"பாப்பா, காலைல முதல் கேஸ் நீதானே மூடினே?"

"ஆமா. ஏன்க்கா?"

"பக்கத்துல யாரும் இருக்காங்களா? தள்ளிப் போய் நின்னு பேசு."

ஜன்னலோரம் போனாள். கீழே மழையில் ஆம்புலன்ஸ்கள் நனைந்துகொண்டிருந்தன.

"உங்க செட்ல ஒரு கிளிப் குறையுதுடி. ரத்தக்குழாயக் கவ்வுற குட்டிக் கிளிப். நாலு இருக்கணும். மூணுதான் வந்திருக்கு."

"திரும்ப எண்ணிப் பாரு."

"மூணு தடவை எண்ணிட்டேன். என்னைப் போய் எண்ணிப் பாருங்கிற."

"துணி மூட்டைல?"

"சலவைக்குப் போயிட்டிருந்த மூட்டைய வண்டியிலேர்ந்து இறக்கி ஒவ்வொண்ணா உதறிட்டேன். பஞ்சு வாளி, குப்பை வாளி, தட்டோட அடி, தண்ணி போற ஜாலி, எல்லாம் பார்த்தாச்சு. இங்க இல்ல."

அந்தக் கிளிப் சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. காலிலிருந்து எடுத்த குழாயின் நுனியில் அதைப் போட்டதும் எடுத்ததும் நினைவிருக்கிறது. எடுத்து எங்கே வைத்தோம்? தட்டிலா, துணிமேலா? துணிமேல் வைத்திருந்தால் அது வழுக்கி எங்கே போயிருக்கும்? திறந்திருந்த பள்ளம் ஒன்றே ஒன்றுதான்.

"பாப்பா, இருக்கியா?"

"இருக்கேன்."

"நான் இன்னும் புத்தகத்துல எழுதல. நாலு மணிக்கு சூப்பர்வைசரம்மா வந்து பார்ப்பாங்க." அக்காவின் குரல் தாழ்ந்தது. பின்னால் ஆவி இயந்திரம் சீறுகிற சத்தம். "இங்க ஒரு டப்பால கழிச்சுப் போட்ட சாமானெல்லாம் கிடக்கு. அதுல அதே மாதிரி ஒண்ணு இருக்கு. பிடி கொஞ்சம் லூசு, அவ்வளவுதான். அதை வச்சுட்டா நாலு ஆயிடும்."

பதினாறு வருஷத்தில் அக்கா ஒரு ஊசியைக்கூட 'ஏறக்குறைய' என்று எழுதியதில்லை. ஒரு கத்தரி குறைந்தது என்று ஒரு பேராசிரியரையே அடித்தளத்துக்கு வரவழைத்து, அவருடைய கோட்டுப் பையிலிருந்து எடுக்கச் சொன்னவள். அவள் வாயிலிருந்து இந்தப் பேச்சு வருகிறது.

"அந்த மனுஷன் எப்படி இருக்கார்?" என்று அக்காவே கேட்டாள்.

"நல்லா இருக்கார். ரத்த அழுத்தம் சரியா இருக்கு. வடியறதும் கம்மி."

"அப்ப உள்ள இல்லையோ என்னவோ."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"உள்ள இருந்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாம இருபது வருஷம் கிடக்கலாம். நாளைக்கே புதுசாப் போட்ட குழாய அழுத்தலாம். குத்தி ஓட்டை போடலாம். எதுன்னு யாராலயும் சொல்ல முடியாதுக்கா."

அக்கா, "நீ என்ன சொல்றியோ அதைப் பண்றேன்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

ரெண்டாம் வருஷம் கணினிக்கு முன் உட்கார்ந்தாள். ஒரு மணிக்கு எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே படத்தைத் திறந்தாள். ஏற்கெனவே பார்த்த படம்தான். பார்த்து, 'சரி' என்று குறிப்பும் எழுதியிருந்தாள். இப்போது பெரிதாக்கிப் பார்த்தாள். ஆறு கம்பி முடிச்சுகள், இரண்டு குழாய்கள், நெஞ்சில் ஒட்டியிருக்கிற வயர்களின் உலோக முனைகள். இதயத்தின் வெள்ளை நிழலுக்குள், கீழ்ப்பக்கம், ஒரு சின்னக் கோடு. வயரின் முனைதான் என்று ஒரு தரம் பார்த்தால் தோன்றியது. மறுதரம் பார்த்தால் தோன்றவில்லை. எழுந்து போய்ப் போர்வையை விலக்கித் தச்சரின் மார்பில் இருந்த வயர்களை எண்ணினாள். ஐந்து. படத்தில் ஆறு முனை.

பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும். ஆனால் எடுக்கச் சொன்னால் 'எதற்காக' என்ற கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். எழுதினால் அது எழுதினதுதான். பேனாவை எடுத்தாள், வைத்தாள். அவளுக்கு என்னென்னவோ தோன்றியது. மழை பெய்கிற நாளில் தண்ணீர் கேட்க ஆளில்லாமல் லாரியைத் துடைத்துக்கொண்டிருக்கும் மாமா, மூணாம் வருஷம் என்று யாரோ கூப்பிடுவது, அப்படி யாருமே கூப்பிடாமல் போவது. படுக்கையில் தச்சரின் நெஞ்சு இயந்திரத்தின் தாளத்துக்கு ஏறி இறங்கிற்று. பக்கத்துப் படுக்கை நர்சு, "டாக்டர், உடம்பு சரியில்லையா?" என்றாள்.

அடித்தளத்துக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே அக்கா எடுத்தாள்.

"எழுதுக்கா. மூணுன்னு எழுது."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"மணியையும் போடு."

"மூணு அஞ்சுக்கு உனக்குச் சொன்னதா போடவா, இப்ப மூணு இருபதுக்குன்னு போடவா?"

"எது நடந்துச்சோ அதைப் போடு."

சீஃப் தன் அறையில் ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டை அப்போதுதான் தொட்டிருந்தார். கதவைத் தட்டிக்கொண்டு நுழைந்தவளின் முகத்தைப் பார்த்ததும் தட்டைத் தள்ளி வைத்தார்.

"யாரு? தச்சரா? ரத்தக்கசிவா?"

"இல்ல சார். நல்லா இருக்கார். கிளிப் ஒண்ணு குறையுது. உள்ள இருக்கும்னு நினைக்கிறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கணக்கு சரின்னு எழுதியிருக்கே?"

"சிஸ்டர் நிதானமா எண்ணணும்னு கேட்டாங்க சார். நான்தான் நிறுத்தாம கம்பி போட்டேன். அவங்க மேல தப்பில்ல."

"எப்போ தெரிஞ்சுது?"

"மூணு அஞ்சு."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப மூணு இருபத்தஞ்சு. இருபது நிமிஷம் என்ன பண்ணினே?"

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாமலில்லை. படம் பார்த்தேன், வயரை எண்ணினேன் என்று உண்மையையே பொய்யாகச் சொல்லியிருக்கலாம்.

"பயந்துட்டு இருந்தேன் சார்" என்றாள்.

சீஃப் எழுந்தார். வார்டுக்கு நடக்கும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வழக்கமாகத் திட்டுகிறவர். திட்டாதது இன்னும் நடுக்கமாக இருந்தது.

பக்கவாட்டுப் படத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இதயத்துக்கு அடியில், உதரவிதானத்தின்மேல், தன் சின்ன வாயைத் திறந்துகொண்டு கிளிப் படுத்திருந்தது.

"தியேட்டருக்குச் சொல்லு. வீட்டுக்காரங்ககிட்ட நீதான் பேசணும். நான் பக்கத்துல நிக்கறேன்" என்றார் சீஃப்.

தச்சரின் மனைவி நடைபாதை பெஞ்சில் ஈரக்குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு டாக்டர்கள் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"அம்மா, அவர் நல்லாத்தான் இருக்கார். ஆனா நெஞ்சை மூடும்போது ஒரு சின்னக் கருவி உள்ளேயே விட்டுப்போச்சு. அதைத் திரும்பத் திறந்து எடுக்கணும். இப்பவே."

அந்த அம்மா அவளையே பார்த்தாள். "நீங்கதானே மத்தியானம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"விட்டது யாரு?"

"நான். மூடினது நான்தான். எண்ணி முடிக்கிற வரைக்கும் காத்திருந்திருக்கணும். காத்திருக்கல."

பெஞ்சில் இருந்த மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சீஃப் வாயைத் திறந்தார். அந்த அம்மா அவர்பக்கம் திரும்பவே இல்லை.

"உங்க கையப் பிடிச்சேன் நான்" என்றாள். "திரும்பத் திறக்கும்போது நீங்க தொடக் கூடாது. வேற யாராவது பண்ணட்டும்" என்றாள்.

"சரிம்மா" என்றாள் ரெண்டாம் வருஷம்.

அதனால் முதன்முதலாக அவள் தியேட்டர் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் என்னென்ன நடக்கிறது என்று நிமிஷ நிமிஷமாகத் தெரிந்தவள் இங்கே நிற்பது பெரிய கொடுமை. இப்போது தையலைப் பிரிப்பார்கள். இப்போது கம்பியை வெட்டுவார்கள். இப்போது இதயத்தைக் கையில் ஏந்தி மெல்லத் தூக்குவார்கள். புது ஒட்டு மூன்றும் அந்த இழுப்பைத் தாங்க வேண்டும். ஒன்று பிய்ந்தால் போதும். தச்சரின் மனைவி பெஞ்சின் ஒரு கோடியில், இவள் சுவரோரம். நடுவில் நாலடி. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

நாலேகாலுக்கு அக்கா படியேறி வந்தாள். ரப்பர் காலணி, ஆவியில் வெந்த முகம், முழங்கை வரை வெளுத்துச் சுருங்கிய கை. தங்கையின் பக்கத்தில் நின்றாள்.

"உள்ளதான் இருந்துச்சா?"

"ம்."

"சாப்பிட்டியா?"

"இல்ல."

இருவரும் சுவரில் சாய்ந்து நின்றார்கள். மழை தகரக் கூரையில் ஓங்கி அடித்தது. ஐந்து மணி ஆக ஏழு நிமிஷம் இருந்தபோது கதவு திறந்தது. சீஃப் முகமூடியை இறக்கிக்கொண்டு நேராகத் தச்சரின் மனைவியிடம் போனார். "எடுத்தாச்சு. ஒட்டெல்லாம் பத்திரமா இருக்கு. எங்க பேர்ல தப்பு. எழுத்துலயும் கொடுப்போம்" என்றார். ரெண்டாம் வருஷம் சுவரோரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள்.

அக்கா அன்றைக்குத் தங்கைக்குச் செய்த கடைசிக் காரியம் அதுதான். வீட்டுக்கு வந்த பிறகு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

கோபமென்று தங்கை நினைத்தாள். விசாரணை என்று காகிதம் வந்தது, அவளுக்கும் சிஸ்டருக்கும் அக்காவுக்கும். எழுதுவதற்கு முன்னால் டாக்டருக்குத் தனியாகப் போன் செய்தது ஏன் என்று அக்காவிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். அந்தப் போனைப் பற்றிப் புத்தகத்தில் எழுதியதே அக்காதான். அவள் எழுதாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரே வீட்டில், இரண்டு அறைக்குள், இருவருக்கும் நடுவில் மாமா அல்லாடினார்.

"உங்க அக்கா சோறு ஆயிடுச்சுன்னு சொல்லச் சொன்னா."

"நான் இங்கதானே மாமா நிக்கறேன். எனக்கும் காது கேக்குது."

"எனக்கும் தெரியும்மா. ஆனா தபால்காரன் வேலைன்னு வந்துட்டா கடுதாசியக் கொடுத்துத்தானே ஆகணும்."

யாரும் சிரிக்கவில்லை. காலுறையைக் கழற்ற அவள் கட்டிலில் உட்கார்ந்து தனியாகவே இழுத்துக்கொண்டாள்.

தச்சர் மறுநாள் காலை கண் விழித்தார். நாலாம் நாள் வராந்தாவில் நடந்தார். ஆறாம் நாள் ரவுண்ட்ஸ் முடிந்து மற்றவர்கள் நகர்ந்தபின் அவளை விரலால் கூப்பிட்டார்.

"உள்ள விட்ட சாமான் எவ்வளவு பெரிசு?"

அவள் சுண்டுவிரலில் பாதியைக் காட்டினாள்.

"அவ்வளவுதானா?" அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்போல இருந்தது. "நான் ஒருதரம் அலமாரிக்குள்ள உளிய வச்சுட்டுப் பின்பலகைய அடிச்சுட்டேன். அஞ்சு நாள் தேடினேன். கடைசியில வீட்டுக்காரங்க கதவைத் திறக்குறப்பெல்லாம் உள்ள என்னமோ உருளுதுன்னு வந்து நின்னாங்க. பிரிச்சுத்தான் எடுத்தேன்."

மனைவி பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அலமாரிக்கு வலிச்சுதா?" என்றாள்.

ரெண்டாம் வருஷம் தையலைப் பார்த்தாள், இருமும்போது தலையணையை நெஞ்சில் அணைத்துக்கொள்ளச் சொன்னாள், அந்த அம்மாவுக்குக் கைகூப்பினாள். அந்த அம்மா தட்டைக் கணவர்பக்கம் நகர்த்தினாள். அவ்வளவுதான். மன்னித்ததாகவும் இல்லை, இல்லையென்றும் இல்லை.

பத்து நாள் கழித்து உத்தரவு வந்தது. ரெண்டாம் வருஷம் மூன்று மாதம் தியேட்டருக்குள் வரக்கூடாது, வார்டு வேலை மட்டும். பயிற்சிக் காலம் ஆறு மாதம் நீளும். சிஸ்டருக்கு எச்சரிக்கைக் கடிதம். ரெண்டாம் வருஷம் தன் பதிலில், சிஸ்டர் நிறுத்தச் சொன்னதையும் தான் நிறுத்தாததையும் இரண்டு முறை எழுதியிருந்தாள். அதனால்தான் எச்சரிக்கையோடு போயிற்று என்றார்கள். அக்காவுக்கும் ஒரு கடிதம். பதினாறு வருஷத்தில் முதல் கடிதம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மாமா இன்னும் வரவில்லை. தங்கை வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். உள்ளே இடமில்லை.

"என்னாலதானே உனக்கு இந்தக் கடிதம். திட்டணும்னா திட்டிடுக்கா. இப்படி இருக்காதே" என்றாள்.

"உன்னை எதுக்குடி திட்டணும்?"

"அப்புறம் ஏன் பேச மாட்டேங்கிற?"

அக்கா ஒரு வெங்காயத்தை உரித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"உன் மூஞ்சியப் பார்க்க முடியல எனக்கு. அந்தக் கிளிப்பை நான் டப்பாலேர்ந்து எடுத்துட்டேன் பாப்பா. உனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே எடுத்துத் தண்ணில அலசித் துடைச்சு வச்சுட்டேன். நீ சரின்னு மட்டும் சொல்லியிருந்தா வச்சிருப்பேன். ஒரு ஆளு நெஞ்சுக்குள்ள சாமானோட வீட்டுக்குப் போயிருப்பான். நான் நாலுன்னு எழுதிட்டு வந்து இதே மாதிரி வெங்காயம் உரிச்சுட்டு இருந்திருப்பேன்." மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "எனக்குள்ள இப்படி ஒருத்தி இருக்கான்னு எனக்கே தெரியாது."

கீழே தெருவில் லாரியின் ஹாரன் கேட்டது. மாமாவின் லாரிதான். நிறுத்த இடம் தேடுகிறார்.

"நீயாவது உடனே எழுதுன்னு சொன்னே" என்றாள் அக்கா.

"உடனே சொல்லலையே. பதினஞ்சு நிமிஷம் ஆச்சே."

"பயந்திருப்பே."

"அது மட்டும் இல்லக்கா." அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "நீ போனை வைக்கிறதுக்கு முன்னாடி, வச்சுடுக்கான்னு சொல்ல வாய் வந்துச்சு. நீ வச்சதால சொல்லல. இன்னும் ரெண்டு செகண்ட் நீ இருந்திருந்தா சொல்லியிருப்பேன்."

அக்கா உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். நெடுநேரம் தங்கையைப் பார்த்தாள். பிறகு கூடையிலிருந்து நாலைந்து வெங்காயத்தை எடுத்து அவள் பக்கம் உருட்டிவிட்டாள்.

"உரி. உங்க மாமா பசியோட வருவார்."